மேஸ்திரியிடம் சொல்லியாச்சு

அந்த வீட்டில் கீழே அக்கா, மேலே தம்பி. நடுவில் ஒரு படிக்கட்டு. அந்தப் படிக்கட்டில் ஏறி இறங்கும் உரிமை மூன்று வருடமாக நாய்க்கு மட்டும்தான்.

நாயின் பெயர் மேஸ்திரி. தம்பி லிஃப்ட் மெக்கானிக். பாதி எழும்பி நின்ற ஒரு கட்டடத்தில், லிஃப்ட் குழிக்குள் குட்டியாகக் கிடந்து கத்திக்கொண்டிருந்ததை ஸ்பானர் பையில் போட்டு எடுத்து வந்தான். பையிலிருந்து இறக்கிவிட்டதும் அது வீடு முழுக்க ஒரு சுற்று சுற்றி, சுவரையெல்லாம் முகர்ந்து, எதிலும் திருப்தியில்லாத முகத்தோடு நடுவில் உட்கார்ந்தது. "வேலையே செய்யாம மேற்பார்வை மட்டும் பாக்குது பாரு, சரியான மேஸ்திரி" என்று அக்காதான் பெயர் வைத்தாள். அப்போதெல்லாம் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பேச்சு நின்ற கதை தெருவில் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் இன்னொரு தரம் சொல்வதில் தப்பில்லை. தம்பி நாற்பதைத் தாண்டிய பிறகு ஒருவழியாக ஒரு பெண்ணைப் பார்த்து, மனசுக்குப் பிடித்து, காபி சாப்பிட வீட்டுக்குக் கூட்டி வந்தான். வந்தவள் அக்காவிடம், "இவரு கோவக்காரரா?" என்று கேட்டாள். சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டதுதான். ஆனால் சும்மா ஒரு பேச்சுக்குப் பதில் சொல்ல அக்காவுக்கு வராது. அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைச் செதுக்கி ஃபிரேமில் பொருத்துவாள். இம்மி பிசகினாலும் ஆள் தலைவலியோடு திரும்பி வந்து நிற்பான் என்கிற தொழில். அதனால் உள்ளது உள்ளபடி சொன்னாள்: "கோவம் வரும். வந்தா தட்டு பறக்கும். ஆனா அஞ்சு நிமிஷத்துல மறந்துடுவான்." காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனவள் போனவள்தான். ஐந்து நிமிஷத்தில் மறந்துவிடுகிற தம்பி அதை மட்டும் இன்னும் மறக்கவில்லை.

பேசுவதில்லை என்று ஆகிவிட்டாலும் ஒரே வீடு, ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே கேட். ஏதாவது சொல்லத்தான் வேண்டியிருந்தது. அதற்குத்தான் மேஸ்திரி.

"மேஸ்திரி, தொட்டி நிரம்பி வழியுதுன்னு மேல இருக்கறவருகிட்ட சொல்லு" என்று அக்கா படிக்கட்டின் அடியில் நின்று சொல்வாள்.

"மேஸ்திரி, கீழ இருக்கறவங்களுக்குக் கை கால் நல்லாத்தானே இருக்கு, மோட்டாரை அவங்களே நிறுத்தலாமேன்னு கேளு" என்று மேலிருந்து பதில் வரும்.

மேஸ்திரி நடுப்படியில் உட்கார்ந்து மேலே ஒரு பார்வை, கீழே ஒரு பார்வை பார்த்துக்கொண்டு வாலை ஆட்டும். இரண்டு பேருமே தன்னிடம்தான் பேசுகிறார்கள் என்று அதற்கு நினைப்பு. எதிர்வீட்டு மாடியில் ரிட்டயர் ஆன டீச்சர் சரியாக அந்த நேரம் பார்த்துத் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார். சண்டை நீண்டால் தண்ணீரும் நீளும். அப்படியே அவருடைய ரோஜாச் செடிகள் இரண்டு, வேர் அழுகிச் செத்துப்போயின.

அக்காவிடம் இன்னொரு பழக்கம் உண்டு. தம்பி பேச ஆரம்பித்து, அது குத்தல் பேச்சாகப் போகிற மாதிரி தெரிந்தால், உள்ளே போய் மிக்சியைப் போட்டுவிடுவாள். உள்ளே எதுவும் இருக்காது. வெறும் ஜார். அது போடுகிற சத்தத்தில் தம்பி என்ன சொன்னான் என்பது காதில் விழாது. பிறகு வந்து எதுவும் நடக்காத மாதிரி சமைப்பாள். வெறும் ஜாரை ஓட்டி ஓட்டி ஒரு வருடத்துக்குள் இரண்டு தரம் பிளேடு மாற்றினாள் என்பது ரிப்பேர்க் கடைக்காரர் சொன்ன தகவல்.

இந்த நிலைமையில்தான் மேஸ்திரிக்குக் கட்டி வந்தது.

ஒரு நாள் மழையில் நனைந்து வந்த நாயைப் பழைய துண்டால் துவட்டிக்கொண்டிருந்தாள் அக்கா. நாளெல்லாம் கடையில் நின்ற கால்கள் கெஞ்சின. முன்னங்காலுக்குப் பின்னால், விலாவை ஒட்டி, ஏதோ கையில் தட்டுப்பட்டது. எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்தது. அழுத்திப் பார்த்தாள். மேஸ்திரி அவள் கையை நக்கியது, வலி ஒன்றும் இல்லை போல. அக்கா துண்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கட்டி என்றால் மனிதருக்கு வந்தாலும் நாய்க்கு வந்தாலும் மனசு முதலில் போகிற இடம் ஒன்றுதான்.

மறுநாள் கடையில் லீவு சொல்லிவிட்டு நாய் டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டரம்மா சிறு வயதுக்காரர், ஆனால் பேச்சு நிதானம். கட்டியில் ஊசி குத்தி எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்தார். ரத்தம்தான் வந்தது, வேறு ஒன்றும் பிடிபடவில்லை.

"இது எப்ப வந்தது?"

"தெரியலை டாக்டர். நேத்துதான் கையில பட்டுச்சு."

"முன்னாடி இல்லையே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும். வாரத்துக்கு ஒரு தரம் நான்தான் சீப்பு போடறேன்" என்றாள் அக்கா. சீப்பு முதுகில் மட்டும்தான் போடுவாள், விலாப்பக்கம் போட மேஸ்திரி விடாது என்பதை அவள் அந்த நேரத்தில் சொல்லவில்லை. நாய் வளர்க்கத் தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்களோ என்று ஒரு வெட்கம்.

டாக்டரம்மா பேனாவை மேசைமேல் வைத்தார். "அப்படின்னா ரொம்ப வேகமா வளர்ந்திருக்கு. வேகமா வளர்ற கட்டியை நாங்க நல்லதுன்னு எடுத்துக்க மாட்டோம். உடம்பு முழுக்க ஸ்கேன் பண்ணணும். அப்புறம் கட்டியை மட்டும் எடுத்தா போதாது, சுத்தி நல்ல இடத்தையும் அகலமா, கீழ இருக்கற சதையோட சேர்த்து எடுக்கணும். நடக்கறதுக்குக் கொஞ்ச நாள் கஷ்டப்படும். ஒருவேளை ரெண்டாவது தரமும் பண்ண வேண்டி வரலாம்."

வெளியே கவுன்ட்டரில் செலவுக்கணக்கை அச்சடித்துக் கொடுத்தார்கள். அக்காவின் இரண்டரை மாதச் சம்பளம். அவள் அந்தத் தாளை, லென்ஸில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். எப்படித் திருப்பினாலும் அதே தொகைதான்.

"இன்சூரன்ஸ் இருக்கா?" என்று கவுன்ட்டர்ப் பெண் கேட்டாள்.

"இருக்கு."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போது அக்கா கொஞ்சம் நிமிர்ந்து நின்றாள். பின்னே, இருந்ததே. கடைக்குத் தூரப்பார்வை, கிட்டப்பார்வை இரண்டும் சேர்ந்த கண்ணாடி வாங்க வந்த ஏஜென்ட் ஒருவர், அவளுடைய போனில் நாய்ப் படத்தைப் பார்த்துவிட்டு, "எட்டு வயசு ஆயிட்டா எந்தக் கம்பெனியும் எடுக்காது அக்கா, இப்பவே போட்டு வைங்க" என்று தலையில் கட்டிய பாலிசி. அவள் அவருக்குக் கடையிலேயே விலை கூடின லென்ஸைத் தலையில் கட்டினாள். யார் யாரை மடக்கினார்கள் என்று அன்றைக்குச் சொல்ல முடியவில்லை. அது நடந்து நாலு மாதம் ஆகிறது.

வீட்டுக்கு வந்து கம்பெனிக்குப் போன் போட்டாள். இசை வந்தது. மறுபடியும் இசை வந்தது. மூன்றாவது தரம் அதே இசைக்கு மேஸ்திரி தலையைச் சாய்த்துக் கேட்டது. ஒருவழியாக ஒரு பையன் எடுத்து, ஒவ்வொன்றாகக் கேட்டான்.

"பாலிசி எடுக்கறதுக்கு முன்னாடி இந்தக் கட்டியை எந்த டாக்டர்கிட்டயாவது காட்டியிருக்கீங்களா மேடம்?"

"இல்லப்பா."

"யாராவது பாத்து, கட்டி இருக்குன்னு சொல்லியிருக்காங்களா?"

"இல்லப்பா, இப்பதானே வந்துருக்கு."

"அப்ப பிரச்சனை இல்ல மேடம். டாக்டரோட குறிப்பு எல்லாம் அனுப்பச் சொல்லுங்க. பத்துல எட்டுப் பங்கு நாங்க கட்டிடுவோம்."

போனை வைத்ததும் அக்காவுக்குப் பசித்தது. முந்தின நாள் துண்டோடு தரையில் உட்கார்ந்ததிலிருந்து பசி என்பதே வந்திருக்கவில்லை.

சாயங்காலம் தம்பி வேலை முடிந்து வந்து படியேறிப் போனான். அக்கா படிக்கட்டின் அடிக்கு வந்தாள். என்ன இருந்தாலும் நாய் அவனுக்கும் நாய்தானே, சொல்லாமல் இருக்க முடியாது.

"மேஸ்திரி, உனக்கு விலாவுல கட்டி இருக்கு, ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொல்லிட்டாங்கன்னு மேல போய்ச் சொல்லு. பணத்துக்கு யாரும் கவலைப்பட வேணாம், இன்சூரன்ஸ் பாத்துக்கும்னும் சொல்லு."

மேலே செருப்பு கழற்றுகிற சத்தம் நின்றது. பிறகு தம்பியின் குரல் வந்தது. மூன்று வருடத்தில் அவ்வளவு கசப்பாக அது வந்ததில்லை.

"மேஸ்திரி, கீழ இருக்கறவங்களுக்கு இப்பதான் கண்ணு தெரிஞ்சுதாமா? கண்ணாடிக் கடையில வேலை பாத்தா போதுமா? உன்னை நான் போன வெயில் காலத்துலயே என் வேலை இடத்துப் பக்கத்துல இருக்கற டாக்டர்கிட்ட காட்டலையா? ஊசி குத்திப் பாத்து, கொழுப்புக் கட்டி, கொட்டைப்பாக்கு அளவு இருக்கு, பெருசாகுதான்னு பாத்துக்கிட்டே இருங்கன்னு அவரு சொல்லலையா? அன்னிக்கே இந்தப் படியில நின்னு உங்கிட்ட ஒண்ணு விடாம சொன்னேனே. அப்புறம் வந்து கேப்பாங்க, வந்து கேப்பாங்கன்னு பாத்தேன். நாய் செத்தா செத்துட்டுப் போவுதுன்னு இருந்துட்டாங்க."

அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "எங்க சொன்ன?" என்று நாய்க்குச் சொல்வதா அவனுக்குச் சொல்வதா என்று தெரியாமல் பொதுவாகக் காற்றில் கேட்டாள்.

பதில் எதிர்வீட்டு மாடியிலிருந்து வந்தது. "சொன்னாரும்மா" என்றார் டீச்சர், தண்ணீர் ஊற்றுகிற குவளையைக் கையில் பிடித்தபடி. "கொட்டைப்பாக்குன்னுதான் சொன்னாரு. இந்த வரிசையில எல்லாருக்கும் தெரியுமே. நீ அன்னிக்கு உள்ள மிக்சி போட்டுக்கிட்டு இருந்தம்மா. இவ்வளவு நேரமா அப்படி என்னத்தை அரைக்கிறான்னு நான்கூட நினைச்சேன்."

தெரு முழுக்க அறிந்த செய்தி, சேர வேண்டிய ஒரே ஆளுக்குச் சேரவில்லை. கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது நடுப்படியில் படுத்துக் காதைச் சொறிந்துகொண்டிருந்தது.

அக்கா உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். விஷயம் மெதுவாகத்தான் இறங்கியது. கட்டி முன்பே இருந்திருக்கிறது, ஒரு டாக்டர் பார்த்தும் இருக்கிறார். அதற்கு அப்புறம்தான் பாலிசி. அந்தப் பையனிடம் இல்லப்பா, இல்லப்பா என்று இரண்டு தரம் அவள் சொன்னது இரண்டும் பொய். தெரியாமல் சொன்ன பொய், ஆனால் இனி தெரியாது என்று சொல்ல முடியாது.

ஏஜென்ட்டுக்குப் போன் போட்டாள். அவர் முழுதாகக் கேட்கவே இல்லை. "அக்கா, அக்கா, நிறுத்துங்க. இதை நீங்க எங்கிட்ட சொல்லலை, நான் கேக்கலை. அந்த டாக்டர் எங்கயோ இருக்காரு, இவங்க வேற டாக்டர். தம்பியும் நீங்களும் பேசிக்கறதே இல்லைன்னு ஊருக்கே தெரியும். உங்களுக்கு எப்படித் தெரியும்னு யாரு கேக்கப்போறா? பேசாம ஆபரேஷனை முடிங்க. ஆமா, என் கண்ணாடி கொஞ்சம் தலை சுத்துது, ஒரு நாள் வந்து காட்டறேன்."

பேசாமல் இருப்பது அந்த வீட்டுக்குப் புதிது இல்லை. இருந்திருக்கலாம். அக்காவும் அப்படித்தான் படுத்தாள். ஆனால் டாக்டரம்மா பேனாவை மேசைமேல் வைத்தது நினைவுக்கு வந்தது. 'வேகமா வளர்ந்திருக்கு' என்றுதானே சதையோடு அகலமாக வெட்ட வேண்டும் என்றார்? வேகமாக வளரவில்லையே. கொட்டைப்பாக்கு எலுமிச்சம்பழம் ஆவதற்கு அரை வருடம் ஆகியிருக்கிறது. உண்மையைச் சொன்னால் நாய்க்கு வெட்டு குறையும், அவளுக்குச் செலவு ஏறும். சொல்லாவிட்டால் கம்பெனி பணம் கட்டும், நாய் சதையைக் கொடுக்கும். இப்படி ஒரு கணக்கைப் போட்டு வைத்தவன் யார் என்று மட்டும் அவளுக்குப் புரியவில்லை. தன் மிக்சியும் அதில் கூட்டு என்பது புரிந்தது.

மறுநாள் கடையில் ஒருவருடைய லென்ஸைத் தலைகீழாகச் செதுக்கிப் பாழாக்கினாள். கேஷியர், "அக்கா, அவரு தலைகீழா நின்னு பேப்பர் படிக்கற ஆளா?" என்றான். மற்ற நாளாக இருந்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். அன்றைக்கு, "லென்ஸ் காசை என் சம்பளத்துல பிடிச்சுக்கச் சொல்லு" என்று மட்டும் சொன்னாள். அவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அன்று சாயங்காலம் மறுபடி படிக்கட்டடி.

"மேஸ்திரி, அந்த டாக்டர் பாத்த ரிப்போர்ட் இருக்கான்னு கேளு."

"அவருகிட்டதான் இருக்கு, நான் நேர்ல போனா குடுப்பாருன்னு சொல்லு."

"அப்ப நாளைக்குப் போய் வாங்கிட்டு வரச் சொல்லு."

"எதுக்குன்னு கேளு. இன்சூரன்ஸ்காரன் கேட்டானாமா?"

"அவன் கேக்கலைன்னு சொல்லு. அதான் கஷ்டம்."

தம்பி முட்டாள் இல்லை. அறுந்த கேபிளைப் பார்த்தே லிஃப்ட் எந்த மாடியில் நின்றிருக்கும் என்று சொல்கிறவன். விஷயம் பிடிபட்டதும், "மேஸ்திரி, கீழ இருக்கறவங்களுக்குப் பைத்தியமான்னு கேளு" என்றான். ஆனால் குரலில் முந்தின நாள் காரம் இல்லை. மேஸ்திரி எதையும் கேட்கவில்லை. அது எப்போதோ தூங்கிவிட்டிருந்தது. அதற்கும் தெரியாமல் கொஞ்ச நேரம் அதனிடமே பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அடுத்த நாள் நாய் டாக்டரிடம் இரண்டு பேரும் தனித்தனியாகப் போய்ச் சேர்ந்தார்கள். அக்கா நாயோடு ஆட்டோவில், தம்பி ரிப்போர்ட்டோடு வண்டியில். உட்காரும் இடத்தில் நாலு நாற்காலி. இந்தக் கோடியில் ஒருத்தி, அந்தக் கோடியில் ஒருத்தன், நடுவில் தரையில் மேஸ்திரி.

"ஓனர் யாரு?" என்றாள் கவுன்ட்டர்ப் பெண்.

"நான்" என்று இரண்டு குரல் சேர்ந்து வந்தது.

"பணம் கட்டறது?"

பக்கத்தில் கூடைக்குள் இருந்த யாருடைய பூனையோ கத்தியது.

டாக்டரம்மா ரிப்போர்ட்டை இரண்டு தரம் படித்தார். நாயைத் திரும்பத் தொட்டுப் பார்த்தார். முகம் கொஞ்சம் இளகியது. "இதை முதல்லயே குடுத்திருக்கலாமே. அன்னிக்கு ஊசியில கொழுப்புன்னு தெளிவா வந்திருக்கு, அளவும் எழுதியிருக்காங்க. அரை வருஷத்துல இவ்வளவுன்னா அவ்வளவு பயப்பட வேண்டியதில்ல. எடுக்கத்தான் வேணும், காலை இடிக்குது. ஆனா முழு ஸ்கேன் வேணாம், நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே போதும். சதையைத் தொடாம கட்டியை மட்டும் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பிப் பாப்போம்."

அக்கா மேஸ்திரியின் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"ஆனா ஒண்ணு" என்றார் டாக்டரம்மா. "எனக்குத் தெரிஞ்சதை நான் குறிப்புல எழுதணும். எழுதினா இன்சூரன்ஸ்காரங்க படிப்பாங்க. பழைய கட்டின்னு தெரிஞ்சா ஒரு காசு தர மாட்டாங்க. உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும். எழுதுங்க டாக்டர்."

அட்டெண்டர் வந்து ரத்தம் எடுக்க நாயை உள்ளே கூட்டிப்போனார். கதவு சாத்திக்கொண்டது. வெளியே அக்காவும் தம்பியும். நடுவில் யாரும் இல்லை.

இப்படி ஒரு நிலைமை வரும் என்று இருவருமே யோசித்திருக்கவில்லை. தம்பி நாயின் பெல்ட்டைக் கையில் வைத்துச் சுருட்டினான், விரித்தான். வேறு வழியில்லாமல் அந்தப் பெல்ட்டைப் பார்த்து, "பணத்துக்கு என்ன பண்ணுவாங்களாம்?" என்றான்.

"என்னைப் பாத்துப் பேசு" என்றாள் அக்கா. "நாய் உள்ள இருக்கு."

தம்பி பார்த்தான். அக்காவுக்கு நரை எவ்வளவு கூடியிருக்கிறது என்று அவன் அன்றைக்குத்தான் கவனித்திருப்பான். படிக்கட்டின் மேலிருந்து பார்த்தால் உச்சி மட்டும்தான் தெரியும், அதிலும் சாயம் போட்டிருந்தாள்.

"பேசாம இருந்திருந்தா அவன் கட்டியிருப்பான்ல" என்றான்.

"கட்டியிருப்பான்தான். இவங்க நாயோட சதையையும் சேர்த்து வெட்டியிருப்பாங்க."

"ம்."

"நீ ஏன்டா கீழ இறங்கி வந்து சொல்லலை? கட்டின்னு தெரிஞ்சும் படியில நின்னு நாய்கிட்டயா சொல்லுவ?"

"நீ ஏன் மிக்சியை நிறுத்தலை?"

கவுன்ட்டர்ப் பெண் வந்து புதுக் கணக்குத் தாளை அக்காவிடம் நீட்டினாள்.

"புதுக் கணக்குல எவ்வளவு வருதாம்?" என்றான் தம்பி.

"முன்ன சொன்னதுல பாதிக்கு மேல. பாதி இப்ப கட்டணும், மீதியை மாசா மாசம் கட்டலாமாம்."

"நான் ஞாயித்துக்கிழமையும் ரிப்பேர் வேலை எடுத்துக்கறேன். எவனாவது ஒருத்தன் லிஃப்ட்ல மாட்டாமலா போவான்?"

"நான் கடையில அட்வான்ஸ் கேக்கறேன். நேத்துதான் ஒரு லென்ஸைப் பாழாக்கிட்டேன். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேக்கறதுன்னு தெரியலை."

"கேளு. இல்லன்னுட்டா சொல்லு."

"யாருகிட்ட சொல்ல?"

தம்பி பெல்ட்டைக் கீழே வைத்தான். "எங்கிட்ட" என்றான்.

கம்பெனி பதில் அனுப்பியது. மிகுந்த வருத்தத்தோடு மறுக்கிறார்களாம். வருத்தம் மட்டும் நாலு வரிக்கு இருந்தது, பணம் ஒரு வரியிலும் இல்லை. பாலிசி தொடருமாம், எல்லாவற்றுக்கும் பொருந்துமாம், அந்தக் கட்டியையும் இனி அந்த இடத்தில் வரும் எதையும் தவிர. ஏஜென்ட் போன் செய்து, "நான் அன்னிக்கே என்ன சொன்னேன்" என்று ஆரம்பித்தார். "நீங்க எதுவும் சொல்லலை, நானும் எதுவும் கேக்கலை" என்று அக்கா வைத்துவிட்டாள். கடை முதலாளி அட்வான்ஸ் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் நாய்க்கா, நாய்க்கா என்று மூன்று தரம் கேட்டதற்கும் சேர்த்து வட்டி போட்ட மாதிரி இருந்தது.

ஆபரேஷன் அன்று தம்பிதான் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தான். மயக்கம் தெளியாத மேஸ்திரி ஈரச் சாக்கு மாதிரி கனத்தது. புண்ணை நக்காமல் இருக்கக் கழுத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் கூம்பு. விலாவில் மயிரை மழித்து, வரிசையாகத் தையல். படி ஏறக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். கீழே அக்காவின் கட்டில் பக்கத்தில் விரிப்புப் போட்டுப் படுக்க வைத்தார்கள்.

அதற்கப்புறம் எதிர்வீட்டு டீச்சருக்குக் கெட்ட காலம். படிக்கட்டில் பேச்சே இல்லை. தம்பி வேலை முடிந்து வந்ததும் நேராகக் கீழ்வீட்டுக்குள் போனான். கதவு சாத்தியிருந்தது. உள்ளே என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. மாத்திரையை எதில் வைத்துக் கொடுத்தால் துப்பாது, கூம்பைக் கழற்றிச் சாப்பாடு வைக்கலாமா, தையலை நக்கவிடாமல் யார் முழித்திருப்பது. அக்காவுக்கு இருந்த களைப்பில் அவன் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவதைப் பார்த்து எரிச்சல்தான் வந்தது. அவன், அவள் மருந்து நேரத்தை ஒரே ராத்திரியில் மூன்று தரம் சொன்னதைப் பார்த்து எரிச்சல்பட்டான். பேசாமல் இருந்தபோது இருந்த மரியாதை கொஞ்சம் குறையத்தான் செய்தது.

டெஸ்ட் ரிசல்ட் வரும் என்று சொன்ன நாள் வந்தது, போனது. அக்கா கடையில் போனை மேசையிலேயே வைத்துக்கொண்டாள். மணி அடிக்கும்போதெல்லாம் கையிலிருந்த லென்ஸை வைத்துவிட்டு எடுத்தாள். எல்லாம் யாராவது கடன் தருகிறோம் என்று கூப்பிட்ட போன்கள். இப்போது வாங்கலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தாள்.

அதற்கு மறுநாள் அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது டாக்டரம்மா கூப்பிட்டார். அக்கா நின்றபடியே கேட்டாள். சரி டாக்டர், சரி டாக்டர் என்று சொன்னாள். போனை வைத்துவிட்டு நாயைப் பார்த்தாள். கூம்புக்குள்ளிருந்து அது அவளைப் பார்த்து வாலால் தரையைத் தட்டியது. மேலே விளக்கு எரிந்தது. தம்பி அப்போதுதான் வந்திருக்க வேண்டும்.

அக்கா படியேறினாள். முழங்கால் வலித்தது, பாதியில் ஒரு தரம் நின்றாள். கதவைத் தட்டினாள்.

தம்பி ஒரு கையில் டீ டம்ளரோடு திறந்தான். "நாய்?" என்றான்.

"நல்லாதான் இருக்கு. டாக்டர் பேசினாங்க. கொழுப்புக் கட்டிதானாம். ஆனா ஒரு மூலையில மட்டும் கொஞ்சம் சந்தேகமா இருக்காம். ஓரமெல்லாம் சுத்தமா எடுத்துட்டாங்களாம், பயப்பட வேணாமாம். நாலு மாசத்துக்கு ஒருக்கா கொண்டுவந்து காட்டச் சொல்றாங்க."

"எத்தனை வருஷத்துக்கு?"

"அது இருக்கற வரைக்கும்."

"அதுக்கும் இன்சூரன்ஸ் குடுக்காது."

"குடுக்காது."

தம்பி தலையை ஆட்டினான். டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றிப் பார்த்தான். மேல்வீட்டில் இரண்டு நாற்காலி இருந்தன. ஒன்றில் கேபிள் சுருள், இன்னொன்றில் ஸ்பானர்களும் கிரீஸ் டப்பாவும் துணிமூட்டையும். அக்கா வாசற்படியில் நின்றபடி அந்த அறையைப் பார்த்தாள். தரை கூட்டி எத்தனை நாள் ஆகிறதோ.

"உக்காரு" என்றான்.

"எங்க?"

அவன் டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு ஸ்பானர்களை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தான். அவசரமே இல்லாமல் அளவு பார்த்து அளவு பார்த்துத் தரையில் அடுக்கினான்.

"விடுடா, நான் நின்னுக்கறேன்."

"இரு. அவ்வளவுதான்" என்றான் தம்பி. இன்னும் பாதி நாற்காலி காலியாகவில்லை. அக்காவுக்குக் கால் வலித்தது. கையிலிருந்த டீயில் ஒரு வாய் குடித்தாள். சர்க்கரை போடவில்லை. அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றாள்.